ஓய்வு ஆராய்ச்சியும் ஊரான் சேவலும்

ஞாயிற்றுக்கிழமை காலை, கடிகாரத்தில் பதினொன்றேகால். யுத்தத்துக்காக சர்க்கார் முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்த காலம் அது. சூரியனைக் கேட்டால் பத்தேகால் என்றுதான் சொல்லியிருக்கும். எந்தக் கணக்கை வைத்துக்கொண்டாலும் எங்கள் வீட்டில் எல்லாம் கெட்டுப்போக ஆரம்பித்தது அந்த நேரத்தில்தான். பொங்கல் முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. நான் கூடத்தில் உட்கார்ந்து, எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். எங்களுக்கு நூல் கொடுக்கும் நாமக்கல் வியாபாரி ஒருவர், பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ்ஸின் புகை முகமெல்லாம் அப்பியிருக்க, வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மணி, ஊட்டுக்காரரு இருக்காருங்களா?"

"பின்கட்டில் இருக்கார். என்ன விஷயம்?"

"உங்க பையனைப் போலீசு புடிச்சுக்கிட்டுப் போயிருச்சுங்க. எருமப்பட்டிக்குப் பக்கத்துல, சேவக்கட்டுல. கையில சேவலோடவே புடிச்சுப்போட்டாங்க."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட நுழைந்ததில்லை. தெருவில் போகிற கோழி மேலே உரசிவிட்டால் குழாயடிக்கு ஓடிக் காலைக் கழுவுகிறவன் என் மகன்.

"வேறு யாராவது இருக்கும். நன்றாகப் பார்த்தீர்களா?"

"நானே பாத்தனுங்க. கண்ணாடி, ஜிப்பா, அதே தம்பிதானுங்க. வண்டியில ஏத்துறப்பக்கூட சேவலை உடலீங்க. குழந்தையை வெச்சிருக்கிற மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஏறுச்சுங்க."

சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. ஏனென்றால் கையில் கொடுத்ததைக் கீழே வைக்கத் தெரியாத பிள்ளை அவன். அந்த அடையாளம் போதுமாக இருந்தது.

அவன் அங்கே போனதற்குக் காரணம் சேவல் அல்ல. ஓய்வு. அதைச் சொல்ல வேண்டுமானால் அவனுடைய பேராசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை நினைத்தாலே எனக்கு வாய் கசக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

குண்டு விழும் என்று பயந்து சென்னைப் பட்டணம் காலியானபோது, நாலு வண்டி புத்தகத்தோடும் ஒரு நாயோடும் எங்கள் சேலத்துக்கு வந்து சேர்ந்தவர் அவர். இங்கிலாந்தில் இரண்டு வருஷம் இருந்தாராம். அந்த இரண்டு வருஷத்தை இருபது வருஷமாகச் செலவழித்துக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகத்தில் அவர் எடுத்துக்கொண்ட பொருள், ஜனங்கள் வேலை செய்யாத நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்பது. அதற்கு ஒரு சாஸ்திரம் உண்டாம். வெள்ளைக்கார தேசங்களில் தடித்தடியாகப் புஸ்தகங்கள் இருக்கின்றனவாம். பூங்கா, விளையாட்டு மைதானம், பொழுதுபோக்கு, ஓய்வு என்று அவர் அடுக்கும்போது, பசியோடு இருப்பவனுக்குப் பந்தி விசாரிப்பதுபோல் இருக்கும்.

எந்தச் சமயம் பார்த்து இந்த ஆராய்ச்சி என்பதையும் சொல்ல வேண்டும். அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. நூல் கிடைக்கவில்லை. எங்கள் பேட்டையில் தறிச் சத்தம் இல்லாமல் காது வலித்தது. பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் தறி ஆடினால் அதிசயம். ஆண்பிள்ளைகள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். இதைப் பார்த்துப் பேராசிரியருக்கு உண்டான பூரிப்பை நான் வேறு எந்த முகத்திலும் கண்டதில்லை. இந்தியாவில் இவ்வளவு ஓய்வுள்ள ஒரு ஜன சமூகத்தை இதுவரை யாரும் ஆராய்ந்ததே இல்லை என்றார். அவரிடம் எம்.ஏ. ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்திருந்த என் மகனுக்கு எங்கள் பேட்டையையே பொருளாகக் கொடுத்தார்.

ஒருநாள் எங்கள் வீட்டுக்கும் வந்தார். நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து, என் கணவரை விசாரித்தார்.

"தறி ஓடாத நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?"

"உக்காந்திருக்கேன்."

"உட்கார்ந்துகொண்டு?"

"நூல் எப்ப வரும்னு யோசிக்கறேன்."

பேராசிரியர் என் மகன் பக்கம் திரும்பி, "எழுதிக்கொள். தனிமைச் சிந்தனை. உயர்தரம்," என்றார்.

பொழுதுபோக்குகளை அவர் உயர்தரம், மத்திமம், கீழ்த்தரம் என்று மூன்றாகப் பிரித்திருந்தார். அன்று ராத்திரி என் கணவர் இலையில் உட்கார்ந்ததும், "நான் உயர்தரமாம், தெரியுமா? இன்னொரு கரண்டி குழம்பு ஊத்து," என்றார். மகனும் சிரித்தான். நானும் சிரித்தேன். பானையில் இருந்தது அவ்வளவுதான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

இந்த அறிவு வீட்டோடு நிற்கவில்லை. எங்கள் தெருக் கோடியில் ஒரு புளியந்தோப்பு இருந்தது. நல்ல காலத்தில் விடியற்காலையில் அங்கேதான் பாவு நீட்டுவார்கள். கஞ்சி போட்ட நூலை மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டி, இரு பக்கமும் ஆட்கள் நடந்து நடந்து நீவி விடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் பாவு காய்ந்துவிடும். பேராசிரியர் வந்தார், ஒரு பிரசங்கம் செய்தார். பூங்கா இல்லாத ஊர் மூச்சு இல்லாத உடம்பு என்றார். ஊர்ப் பெரிய மனிதர்கள் உடனே ஒரு கமிட்டி கூடினார்கள். பாவு நீட்டத்தான் நூல் இல்லையே, இடம் சும்மாதானே கிடக்கிறது என்று தோப்பைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். சிமெண்டு பெஞ்சு வந்தது. 'பாவு நீட்டக் கூடாது, துணி உலர்த்தக் கூடாது' என்று பலகை வந்தது. பிறகு கொஞ்சம் நூல் வந்தபோது எங்கள் ஜனங்கள் நடுத்தெருவில் பாவு நீட்டினார்கள். மாட்டுவண்டிக்காரர்களிடம் வாங்காத வசை இல்லை. பூங்காவில் ஒரு பென்ஷன்காரரும் இரண்டு ஆடுகளும் ஓய்வு எடுத்துக்கொண்டிருந்தார்கள். இது பெரிய வெற்றி என்று பேராசிரியர் எழுதினார்.

அவருடைய புஸ்தகத்தில் உயர்தரம் நிறைய சேர்ந்துவிட்டது. கீழ்த்தரத்துக்கு உதாரணம் குறைவாக இருந்தது. அதற்காகத்தான் என் மகனை எருமப்பட்டிக்கு அனுப்பினார். சனிக்கிழமை சாயங்காலம் அவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, "சேவல்கட்டை எல்லாம் நீ எதுக்குடா பார்க்கணும்?" என்று கேட்டேன். "பார்க்காமல் எப்படியம்மா எழுதுவது?" என்றான். அதற்குமேல் நான் கேட்கவில்லை. படித்தவர்கள் எதையாவது பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

வியாபாரி சொல்லி முடித்த அடுத்த பஸ்ஸில் நானும் என் கணவரும் ஏறினோம். மேட்டில் எல்லாம் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. ராசிபுரம் தாண்டியதும் டிரைவர் இறங்கிக் கரியைக் கிளறிவிட்டு ஒரு பீடி பற்ற வைத்தான். என் கணவர் மெதுவாக, "இது மத்திமம்," என்றார். பயம் வந்தால் அவருக்குக் கேலி வரும். எனக்கு வாய் அடைத்துப் போகும்.

நாமக்கல்லில் போலீஸ் ஸ்டேஷன் தாழ்வாரத்தில் ஆறு பேரை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். ஐந்து பேர் குடியானவர்கள். ஆறாவது என் மகன். ஜிப்பாவில் சேவலின் எச்சம். கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல். சேவலை அவனிடமிருந்து வாங்கி வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். அது எங்களைக் கண்டு ஒருமுறை கூவியது.

"எதுக்குடா அதைப் பிடிச்சே?"

"குடுத்தாங்கம்மா."

"குடுத்தா?"

"எதுக்கும் முடியாதுன்னு சொல்லக் கூடாதுன்னு சார் சொல்லியிருந்தார். நான் மறுத்துப் பேசினா அவங்க இயல்பு மாறிடுமாம். அப்புறம் எழுதறது உண்மையா இருக்காதாம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடியானவர் ஒருவர் எனக்காகப் பரிதாபப்பட்டு விளக்கினார்.

"அம்மணி, தம்பி மேல தப்பு இல்லீங்க. எங்க கட்டுத்தரையில வெறுங்கையா யாரும் நிக்கப்படாதுங்க. ஒண்ணு பந்தயம் கட்டோணும், இல்லாட்டி சேவல் கொண்டாரோணும். தம்பி ரெண்டும் இல்லாம, கண்ணாடியப் போட்டுக்கிட்டு, ஓரமா நின்னு எங்க மூஞ்சியவே பாத்துச்சு. நாங்க என்னன்னு நெனைக்கிறதுங்க? போலீசு ஆளுன்னு நெனைச்சோம்."

"அதுக்கு?"

"போலீசு ஆளா இருந்தா சேவலைத் தொட மாட்டானுங்க. அதனால, 'சாமி, இதைச் சித்த புடிச்சுக்க'ன்னு குடுத்துப் பாத்தோம். வாங்கிக்கிச்சு. சரி, நம்ம ஆளுதான்னு மனசு ஆறிப்போச்சுங்க."

"அப்புறம்?"

"அப்பறம் நெசப் போலீசு வந்துருச்சுங்க."

சேவலைக் கொடுத்தவன் யார் என்று கேட்டேன். ஓடிவிட்டானாம். வேலியைத் தாண்டி, சோளக்காட்டில் புகுந்து, போயே போய்விட்டான். அவன் தன் சேவலைத் தேடிக்கொண்டு வருவான், வந்து உண்மையைச் சொல்வான் என்று நான் ராத்திரி முழுதும் நம்பிக்கொண்டிருந்தேன். அவன் அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை. ஏழை என்றால் யோக்கியன் என்று பள்ளிக்கூடப் பாடத்தில் எழுதுகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

சப் இன்ஸ்பெக்டர் தெற்கத்தி ஆள். பேச்சில் ஒரு நக்கல் ஊறிக்கொண்டே இருக்கும்.

"எம்.ஏ.வாம்ல? சேவல் பிடிக்க எம்.ஏ. வேணுமா? எங்க தாலுகாவுல பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவன் எல்லாம் இதைவிட நல்லாப் பிடிக்கான்."

"ஐயா, இவன் ஆராய்ச்சி மாணவன். பல்கலைக்கழகம் அனுப்பித்தான் போனான்," என்றேன்.

"பல்கலைக்கழகம் சூதாட அனுப்புதா?"

"சூதாட இல்லை. ஓய்வு நேரத்தில் ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஏட்டைப் பார்த்தார். "ஏட்டையா, நாம வருசம் பூரா அதைத்தானே பாக்கோம்? நமக்கு எவன் எம்.ஏ. குடுத்தான்?"

ஏட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

என் கணவர் அதற்குள் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். அதைப் பார்த்தோ என்னவோ சப் இன்ஸ்பெக்டரின் குரல் கொஞ்சம் இறங்கியது. சட்டப்படி, கையில் சேவல் இருந்தால் அவன்தான் பந்தயம் கட்டியவன் என்றார். ஆனாலும் ஒரு வழி சொன்னார்.

"லெட்டர் கிட்டர் வேண்டாம். லெட்டர் எவன் வேணும்னாலும் எழுதுவான். ஆள் வரணும். அனுப்பின பெரியவர் வரணும். இல்லாட்டி, அவர் அனுப்பினதைக் கூட இருந்து கேட்ட ஒருத்தர், மதிப்பான ஆளா வரணும். நாளைக்குக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள வந்து சொன்னா, இவனைச் சாட்சியாப் போட்டு அனுப்பிடுதேன். வரலைன்னா அந்த அஞ்சு பேரோட இவன் ஆறாவது எதிரி, குத்தவாளிக் கூண்டுதான். அப்புறம் என் கையில இல்ல."

சாட்சி, எதிரி என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில் என் பிள்ளையின் ஆயுசு தொங்கியது. தண்டனை என்று வந்தால் அபராதமாகவே இருக்கலாம். ஆனால் சூதாட்ட வழக்கில் தண்டனை அடைந்தவனைப் பல்கலைக்கழகம் வைத்துக்கொள்ளாது. எந்தக் காலேஜும் அவனை உபாத்தியாயராக எடுத்துக்கொள்ளாது. போதாததற்கு, சுதந்திரப் போராட்டத்தால் மாணவன் என்றாலே போலீஸ் ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்க்கிற வருஷம் அது. நாலு தலைமுறை தறிக்குழியில் காலைத் தொங்கவிட்ட குடும்பத்தில் முதலில் மேலே ஏறியவன் அவன். அவனை மேலே ஏற்றியதும் படிப்பு, கீழே தள்ளுவதும் அதே படிப்பு.

என் கணவர் பேராசிரியரை அழைத்துவரக் கடைசி பஸ்ஸில் சேலத்துக்குத் திரும்பினார். நான் நூல் வியாபாரியின் வீட்டில் தங்கினேன். நல்ல மனிதர்கள். சோறு போட்டார்கள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் என் கணவர் தனியாக இறங்கினார். அவர் நடந்து வந்த விதத்திலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"பங்களாவுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கிளப்புல இருக்கார்னு அந்த வீட்டம்மா சொன்னாங்க. கிளப்புக்குப் போனா வேட்டி கட்டினவனை உள்ளே விட மாட்டானாம். சொல்லியனுப்பினேன். அரை மணி கழிச்சு வெளியே வந்தார். கையில சீட்டு."

"சீட்டா?"

"சீட்டுத்தான். உள்ளே மேஜை மேல காசு அடுக்கி வெச்சிருக்காங்க, நானே ஜன்னல் வழியாப் பாத்தேன். பெரிய பெரிய ஆபீசருங்க. அது உயர்தரமோ என்னவோ. சீட்டு எனக்குத் தெரிஞ்சுடக் கூடாதுன்னு நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டே பேசறார்."

"என்ன சொன்னார்?"

என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார். "'நான் பார்க்கச் சொன்னேன். பிடிக்கச் சொல்லவில்லை. ஆராய்கிறவன் ஆராயும் பொருளைத் தொடுவது முறைக்கு விரோதம். இதில் பல்கலைக்கழகத்தின் பெயர் வரக் கூடாது.' அப்புறம், இன்னிக்குச் சாயங்காலம் டவுன்ல பிரசங்கம் இருக்காம், வரச் சொன்னார்."

"என்ன பிரசங்கம்?"

"உழைப்பாளிக்கு ஓய்வின் அவசியம்."

இதைச் சொல்லிவிட்டு அவர் தாழ்வாரத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். இந்த முறை கேலி வரவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் வந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

நான் முப்பது வருஷமாகப் படிப்பை மதித்தவள். ஒரு பெண் பள்ளிக்கூடம் போனால் ஊர் சிரித்த காலத்தில் போனவள். அன்று அந்தப் படியில் நின்றுகொண்டு, இவ்வளவு படித்து இவ்வளவு சின்ன மனிதனாக ஆக முடியுமா என்று யோசித்தேன். முடியும். அதற்கும் ஒரு பட்டம் இருக்கும். இப்போது யுத்தம் முடிந்துவிட்டது, கடிகாரத்தைச் சரியாக்கிவிட்டார்கள், அவருடைய புஸ்தகமும் வந்துவிட்டது. பள்ளிக்கூட நூலகத்தில் அதை அலமாரியில் வைக்கும்படி சொன்னார்கள். வைத்தேன். இன்றும் விடியலில் எங்கேயாவது சேவல் கூவினால் எழுந்து போய் மகன் படுக்கையைத் தடவிப் பார்க்கிறேன்.

வெயில் ஏறியது. ஏட்டு வேப்பமரத்தடியில் சேவலுக்குக் கம்பு போட்டார். கேஸ் முடிந்தால் சேவல் ஏலத்துக்குப் போகும் என்று ஒரு கான்ஸ்டபிள் சொன்னார்; ஏலம் வரைக்கும் அது உயிரோடு இருக்குமா என்று இன்னொருவர் கேட்டார். என் மகனுக்கு முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தேன். அவன், "அம்மா, சார் வரலையா?" என்றான். "வருவார்," என்றேன். குடியானவர்கள் ஐந்து பேரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு இது பழக்கம். அபராதம் கட்டிவிட்டுப் பொழுது சாய்வதற்குள் வீடு போய்விடுவார்கள். சப் இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ஆள் வரலையே, தாயி. நான் இனிமே நிக்க முடியாது."

அப்போது சேலம் பஸ் வந்து நிற்கிற இரைச்சல் கேட்டது. சிறிது நேரத்தில் ஒரு பெண்பிள்ளை மட்டும் ஸ்டேஷனை நோக்கி வந்தாள். துணைக்கு யாரும் இல்லை. என் வயதுதான் இருக்கும். நல்ல பட்டணத்துப் புடவை. அது முழுக்கக் கரிப்பொடி. மூக்கிலும் கன்னத்திலும் கரி. மேட்டில் இறங்கி மற்றவர்களோடு சேர்ந்து பஸ்ஸைத் தள்ளியிருக்க வேண்டும், உள்ளங்கையும் கறுப்பாக இருந்தது. என் கணவர் படியிலிருந்து எழுந்து, "இது அந்த வீட்டம்மாவாச்சே," என்றார்.

அவள் எங்களைப் பார்க்கவில்லை. நேரே சப் இன்ஸ்பெக்டரிடம் போனாள். அவர் தொப்பியைக் கழற்றி, "யாரும்மா?" என்றார்.

"அந்தப் பையனோட பேராசிரியர் வரமாட்டார். சாயங்காலப் பிரசங்கத்துக்குத் தயார் பண்ணிக்கிட்டு இருக்கார். நான் அவர் சம்சாரம். சனிக்கிழமை பையன் வந்தப்ப காபி கொண்டுபோய் வெச்சவ நான்தான். பையன் போகமாட்டேன்னு ரெண்டு தடவை சொன்னான். போய்த்தான் ஆகணும், அங்கே எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கோன்னு அவர் சொன்னார். ரெண்டையும் நின்னு கேட்டேன். எழுதிக்குங்க. கீழே என் பேரை நானே போடறேன்."